முகமூடிக்காரனின் தங்கை

எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரான வருடம்தான் அண்ணன் முதன்முதலாக வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து வந்தான். எனக்குப் பதின்மூன்று வயது. அவனுக்குப் பதினேழு. அப்பா ஆபீஸ் வேலையாக வேலூர் போயிருந்தார். கோயிலின் பே கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, பட்டப்பகலை இருட்டாக்கி, மூன்று படங்கள் பார்த்தோம். முதல் இரண்டும் அம்மாவுக்காக. அம்மா சமையலறைக்குப் போன பிறகு அண்ணன் மூன்றாவது கேசட்டைப் போட்டான். காமிக்ஸ் புத்தகத்திலிருந்து எடுத்த இங்கிலீஷ் படம் அது.

அண்ணனிடம் ஒரு தகரப்பெட்டி நிறையக் காமிக்ஸ் இருந்தது. அதில் வரும் முகமூடி வீரர்கள் எல்லோரும் ஒழுங்கானவர்கள். கெட்டவன் தாடையில் ஒரு குத்து விட்டு, அவனைப் போலீசிடம் ஒப்படைத்துவிட்டுக் காணாமல் போய்விடுவார்கள். இந்தப் படத்தில் வந்தவன் அப்படி இல்லை. துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்கிறவன். அவன் தங்கையை நான்கு பேர் கொன்றுவிடுகிறார்கள். கோர்ட்டு அவர்களை விட்டுவிடுகிறது. அவன் ஒரு கறுப்புத் துணியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு முகத்தில் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கொல்கிறான். செத்தவன் சட்டையில் ஒரு காகிதத்தைக் குத்திவிட்டுப் போகிறான்.

இந்தக் கதை எனக்குத் தெரிந்ததே அண்ணன் சொல்லித்தான். படத்தில் பேசியது ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. அவன் டிவிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு குரலில் தமிழில் பேசினான். அவனுக்கும் அந்த இங்கிலீஷ் புரியாது என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. படத்தின் நடுவில் ஒரு குண்டான ரொட்டிக்கடைக்காரன் வருவான். முகமூடிக்காரன் அவன் கடைக்குள் புகுந்து அவனை அடித்தே கொல்வான். கடை முழுக்க மாவு பறக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இவன் என்ன பண்ணான்?" என்று கேட்டேன்.

"கொழந்தைங்கள விக்கறவன். அதோ பாரு, மூட்டைக்குப் பின்னாலேந்து ஒரு கொழந்த வருதுல்ல? விக்க வெச்சிருந்தான். ஹீரோ காப்பாத்திட்டாரு."

"அப்ப ஏன் முகமூடிய அவுத்துட்டு கீழ உக்காந்துட்டாரு?"

"களைச்சுப் போயிட்டாரு. ரெஸ்ட் எடுக்கறாரு."

நான்கு பேரில் கடைசி ஆளைக் கொல்வதற்கு முன்னால் அண்ணன் எழுந்தே நின்றுவிட்டான். குரலை இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "கோர்ட்டு உன்ன வுட்டுடுச்சு. நான் வுட மாட்டேன்." எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த வசனம் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. கரப்பான்பூச்சியை அடிக்கும்போதுகூட அவன் அதைச் சொல்லித்தான் அடிப்பான்.

அண்ணன் என்றால் எனக்கு உயிர். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் சரியாக இருக்காது. பௌர்ணமிக் கூட்டத்தில் ஒருமுறை ஒருவன் என் இடுப்பைக் கிள்ளிவிட்டு ஓடினான். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் அத்தனை ஜனத்தையும் பிளந்துகொண்டு போய் அவன் சட்டையைப் பிடித்தான். நடு ரோட்டில் வைத்து அறைந்தான். அந்த ஆளின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. போதும் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. எனக்காக ஒருத்தன் ரத்தம் வரும்வரை அடிப்பான் என்பது பதினைந்து வயதில் எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது செங்கம் ரோட்டில் டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆசிரமத்தைத் தாண்டி ஒரு வீடியோ லைப்ரரி இருந்தது. அங்கே தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன கேசட்டுகள் எல்லாம் அந்தக் கடையில் கிடைக்கும். எங்கள் வீட்டில் அதற்குள் சொந்தமாக டெக் வாங்கிவிட்டோம். அண்ணன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவன் பிறந்தநாளுக்கு அந்த முகமூடிப் படத்தை எடுத்துப் போகலாம் என்று நினைத்துக் கடைக்குள் நுழைந்தேன்.

கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு அண்ணன் வயதுதான் இருக்கும். கேசட்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

"இதுல அந்த ரொட்டிக்கடைக்காரன் சாவற எடத்துல கொஞ்சம் கோடு விழும். பரவால்லீங்களா?"

"பரவால்லீங்க. அந்தக் கொழந்தைங்கள விக்கறவன்தான?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "விக்கறவனா? யாரு சொன்னது உங்களுக்கு?"

"படத்துல அப்படித்தான வரும்?"

"இல்லீங்க. அந்த ஆளு ஒரு கொழந்தைய ரவுடிங்ககிட்டேந்து காப்பாத்தி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருப்பான். இவன் எவனோ சொன்னத நம்பிப் போயி அடிச்சுக் கொன்னுடுவான். தப்பான ஆளு. அப்புறம்தான் கொழந்த வெளிய வரும். அதப் பாத்துட்டுதான் முகமூடிய அவுத்துட்டு அந்த மாவுலயே உக்காந்துடுவான். படமே அங்கதாங்க இருக்கு."

கடைக்கு வழக்கமாக வரும் ஒரு வெள்ளைக்காரர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வசனம் வசனமாக விளக்கினாராம். நான் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு, அண்ணன் சொன்ன கதையை முழுக்கச் சொன்னேன். அந்தக் கடைசி வசனத்தையும் அண்ணன் குரலிலேயே சொல்லிக் காட்டினேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்த எடத்துல அவன் வாயே தெறக்க மாட்டாங்க! ஆனா உங்கண்ணன் வசனம் நல்லாருக்கு. படம் எடுத்தவனுக்குத் தோணல பாருங்க."

அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு முறை கிளாஸ் முடிந்து அங்கே நின்றுவிட்டுப் போவேன். அவர் உள்ளே, நான் படியில். பத்து நிமிடம் பேசுவோம். அடி அண்ணாமலையில் அவர் வீடு. அப்பா இல்லை. அம்மாவும் ஒரு தங்கையும். விடியற்காலையில் சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு கிரிவலப் பாதை வழியாக வந்து, செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கியிருக்கும் வீடுகளுக்கு ஊற்றிவிட்டு, ஒன்பது மணிக்குக் கடையைத் திறப்பார். என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. அது காதலா என்று கேட்டால் எனக்கு இன்னும் பதில் தெரியாது. இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

முதல் நாள், படத்தை வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா, ஆறு வருஷமா எனக்கு நல்லா கத வுட்டிருக்க. ரொட்டிக்கடைக்காரன் நல்லவனாம். உன் வசனம் படத்துலயே இல்லையாம். நாங்க ரெண்டு பேரும் எப்படிச் சிரிச்சோம் தெரியுமா?"

அண்ணனும் சிரித்தான். "ரெண்டு பேருன்னா யாரு?"

சொன்னேன்.

"நல்லா வெவரமான ஆளா இருக்கானே. எந்த ஊராம்?"

"அடி அண்ணாமலை."

"அங்க எந்தப் பக்கம்? யாரு பசங்களாம்?"

"அதெல்லாம் நான் கேக்கல."

அண்ணன் சாதத்தைப் பிசைந்துகொண்டே தலையாட்டினான். அதற்கப்புறம் அவ்வப்போது அவனாகவே கேட்பான். இன்னைக்கு உன் சினிமா வாத்தியார் என்ன சொன்னாரு என்பான். எத்தனை மணிக்குக் கடை திறப்பான், அதுக்கு முன்னால என்ன பண்றான், எந்த வழியா வரான். கேலி மாதிரியும் இருக்கும், அக்கறை மாதிரியும் இருக்கும். நான் ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணனிடம் மறைத்து எதையும் வைத்துக்கொண்ட பழக்கம் எனக்கு இல்லை. அவனுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது என்றுகூட நினைத்தேன். ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா என்பான் என்று எதிர்பார்த்தேன்.

மார்கழி வந்தது. எங்கள் ஊரில் அந்த மாதத்தில் சில நாட்கள் காலை ஏழு மணிவரை மலையே தெரியாது. அப்படி ஒரு நாள் மதியம் கல்லூரியில் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி ஓடிவந்து சொன்னாள்.

"ஏய், கிரிவலப் பாதையில முகமூடி போட்ட ஒருத்தன் இரும்பு பைப்பால ஒருத்தன வெளுத்துட்டானாம். சட்டையில பேப்பர் குத்திட்டுப் போயிருக்கான். பொண்ணுங்க பின்னால சுத்தறவனுக்கு இதான் கதின்னு எழுதி."

எங்கள் கூட்டமே ஆரவாரம் செய்தது. பஸ்சில் இடித்தவன், பாதி வழிவரை சைக்கிளில் தொடர்ந்தவன், சுவரில் பெயர் எழுதியவன் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரி இருந்தது.

"முட்டி போச்சாம்டி. எழுந்து நடப்பானோ மாட்டானோ."

"அதோட வுட்டானே," என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என் குரல்தான் ஜாஸ்தியாகக் கேட்டது.

மறுநாள் கிளாஸ் முடிந்து கடைக்குப் போனேன். அவர் இடத்தில் கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே, "அவன் ஆஸ்பத்திரியில கெடக்கறாம்மா. இப்படிப்பட்ட பையன்னு தெரியாமப் போச்சு. உங்கிட்ட ஏதாச்சும் தப்பா நடந்துக்கினானா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

அடுத்த மூன்று நாள் நான் செய்ததை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. நான் அந்தக் காகிதத்தை நம்பினேன். அவர் என்னிடம் பேசிய ஒவ்வொரு பேச்சையும் எடுத்துப் புரட்டி, எங்கே அசிங்கம் ஒளிந்திருக்கிறது என்று தேடினேன். ஒருமுறை என் வளையல் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அதற்கு வேறு அர்த்தம் இருந்ததோ என்று யோசித்தேன். முகமூடி போட்ட ஒருவன் எழுதிவைத்துவிட்டுப் போன ஒரே வரி, முகத்தைக் காட்டிப் பேசிய மனிதரை எனக்குள் அப்படி மாற்றிவிட்டது.

நான்காம் நாள் கல்லூரி வாசலில் தாவணி போட்ட ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். அவர் தங்கை. முகத்தில் அவர் ஜாடை இருந்தது.

"எங்கண்ணன் உங்களக் கேட்டு வரச் சொன்னாரு," என்றாள். "அடிச்சவன் மூஞ்சி தெரியலையாம். ஆனா கடைசியா ஒண்ணு சொல்லிட்டு அடிச்சானாம். கோர்ட்டு உன்ன வுட்டுடுச்சு, நான் வுட மாட்டேன்னு. அத உங்ககிட்ட சொன்னா போதும், உங்களுக்குப் புரியும்னாரு. நீங்க உங்க வீட்டுல என்ன சொன்னீங்கன்னு மட்டும் கேட்டுனு வரச் சொன்னாரு."

அந்த வசனம் எந்தப் படத்திலும் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் பிறந்தது. வெளியே அதைக் கேட்டிருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரிடம் சொன்னவள் நான்.

வீட்டுக்கு எப்படி சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று நினைவில்லை. அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வந்து, கை கழுவிக்கொண்டிருந்தான். பின்கட்டில் கொடியில் அவனுடைய கறுப்பு வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. போன வருடம் சபரிமலைக்கு மாலை போட்டபோது கட்டியது. அதில் ஓரமாக ஒரு சதுரம் இல்லை.

"நீயா?" என்றேன்.

அவன் மறுக்கவில்லை. துண்டில் நிதானமாகக் கையைத் துடைத்தான். "உனக்காகத்தான்டி."

"நான் கேட்டனா?"

"கேக்கணுமா? அவன் யாரு, நாம யாரு? படியில நிக்க வெச்சு இளிச்சுப் பேசறான். என்னையே சொல்லிச் சிரிக்கறான். நாளைக்கு ஊரே சிரிக்கும்."

"அவரு எங்கிட்ட ஒரு தப்பும் பண்ணல. நீ எழுதி வெச்சது பொய்."

"பண்ணியிருப்பான்."

இந்த ஒரு வார்த்தைதான் எனக்கு முழுசாக விளங்கவைத்தது. படத்தில் கெட்டவன் செய்த கெட்டதை நமக்கு முதலில் காட்டிவிடுவார்கள். அதனால்தான் நாம் தைரியமாகக் கை தட்டுகிறோம். அண்ணனுக்கு யாரும் எதையும் காட்டவில்லை. அவனே காட்டிக்கொண்டான். இங்கிலீஷ் தெரியாமல் எனக்குக் கதை சொன்ன மாதிரியே.

நான் கத்த ஆரம்பித்ததும் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "கத்தாதடி. கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு. வெளிய தெரிஞ்சா யாரு கட்டுவான் உன்ன?"

அம்மாவின் கையை விலக்கிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவள் கொடியில் இருந்த வேட்டியை உருவி மடித்தாள். அடி விழுந்த அன்று விடியற்காலையில் அவன் கிளம்பும்போது அவள்தான் எழுந்து காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அப்பாவுக்கும் தெரியும். வீட்டில் தெரியாதவள் நான் ஒருத்திதான். யாருக்காக நடந்ததோ அவளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது காலைத் தொடைவரை கட்டி மேலே தூக்கி வைத்திருந்தார்கள். அவர் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"நான் ஸ்டேஷன்ல வந்து சொல்றேன். எங்கண்ணன்தான்னு எழுதித் தரேன்."

"வேணாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க சொல்லித்தான் வந்தானா?" என்றார்.

"இல்லங்க. சத்தியமா இல்ல."

"நான் எந்த வழியா வரேன், எத்தன மணிக்கு வரேன், யாரு சொன்னாங்க?"

"நான்தான் சொன்னேன். ஆனா இதுக்காகச் சொல்லல," என்றேன்.

"சரிங்க," என்றார். அந்த 'சரிங்க'வில் அவர் என்னை நம்பவில்லை என்பது தெரிந்தது. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அவர் வேண்டாம் என்றாலும் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி அதைப் பாதிவரை படித்தார். பிறகு என்னை உட்காரச் சொல்லிவிட்டு அப்பா ஆபீசுக்குப் போன் போட்டார். அப்பா வரும்வரை என்னிடம் தன்மையாகவே பேசினார்.

"ஊர்ல நாலு பசங்க பயந்துகினு இருக்கானுங்கம்மா இப்ப. கூடப் பொறந்தவன் உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கான். நீ போயி அவனையே மாட்டி வுடறியே?"

அப்பா வந்தார். என் காகிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தை பிறந்ததும் செய்யாறிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். அந்த வருடப் பரீட்சையை நான் எழுதவில்லை. கல்யாணத்தன்று அண்ணன்தான் ஓடி ஓடி எல்லா வேலையும் செய்தான். என்னை வண்டி ஏற்றும்போது தேம்பித் தேம்பி அழுதான். சொந்தக்காரர்கள் எல்லோரும், இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள்.

நான் நல்லபடியாகத்தான் வாழ்ந்தேன். கணவர் அமைதியானவர். ஒரு மகன் பிறந்தான். அண்ணனோடு சண்டை எதுவும் போடவில்லை. பண்டிகைக்குப் போவேன், வருவேன், சாப்பாடு எப்படி, மழை பெய்ததா என்று பேசுவேன். அதற்கு மேல் அவனிடம் எதையும் சொன்னதில்லை. மகனுக்கு அம்மை போட்டதைக்கூட அவன் வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டான். எனக்குள் அவன் பக்கத்துக் கதவைச் சாத்தியிருந்தேன். அவனுக்கு அது தெரிந்ததா என்றே தெரியாது.

பதின்மூன்று வருடம் போனது. தமிழ் பேசும் இங்கிலீஷ் படங்கள் எங்கள் ஊர்த் தியேட்டர்களிலேயே ஓட ஆரம்பித்திருந்தன. கோடை லீவுக்குப் போயிருந்தபோது அண்ணன் தன் மகளையும் என் மகனையும் என்னையும் ஒரு படத்துக்குக் கூட்டிப்போனான். அதுவும் காமிக்ஸ் படம்தான். வேறொரு முகமூடிக்காரன். விரலை ஒடிக்கிறான், மாடியிலிருந்து தலைகீழாகத் தொங்கவிடுகிறான். ஒவ்வொரு ஒடிப்புக்கும் தியேட்டரில் விசில். நடுவே அவன் தனியாக உட்கார்ந்து வருத்தப்படுவான். அவன் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் காட்டினார்கள். அவன் அடித்துப் போட்டவர்களில் ஒருவர் முகம்கூட எனக்கு நினைவில் நிற்கவில்லை. அவர்கள் எல்லோரும் ஓரமாக விழுந்து கிடந்தார்கள். பக்கத்தில் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாவம் அவன்," என்றான்.

படம் முடிந்து தேரடித் தெருப் பக்கம் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். குழந்தைகளுக்கு இன்னும் படத்தின் சூடு ஆறவில்லை.

"நம்ம ஊர்லயும் ஒரு முகமூடிக்காரர் இருந்தாரு, தெரியுமா?" என்றான் அண்ணன்.

"நெசமாவா மாமா?" என் மகன் தோசையை விட்டுவிட்டான்.

"ஆமாண்டா. ஒரு பொறுக்கி இருந்தான். காலேஜ் போற பொண்ணுங்கள எல்லாம் தொந்தரவு பண்ணுவான். பத்து பதினஞ்சு பொண்ணுங்க அழுதுனு படிப்ப நிறுத்திட்டாங்க. போலீசு ஒண்ணும் பண்ணல. ஒருநாள் காலையில, பனியில, ஒருத்தர் முகமூடி போட்டுனு வந்தாரு. அவ்ளோதான். அதுக்கப்புறம் ஊர்ல ஒரு பய வாலாட்டல."

அவன் மகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அவளுக்குப் பத்து வயது. அண்ணன் அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்துச் சின்னதாகப் புன்னகை செய்தான். அந்தப் புன்னகையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு பெருமை போல அதை என்னிடம் நீட்டினான். இத்தனை வருடத்தில் நான் மன்னித்துவிட்டேன் என்று கூட இல்லை, நன்றியோடு இருக்கிறேன் என்றே நினைத்திருக்கிறான்.

"அந்த ஆளு எந்தப் பொண்ணையும் தொந்தரவு பண்ணல," என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவரு பால் ஊத்தறவரு. வீடியோ கடையில வேலை செஞ்சாரு. ஒரே ஒரு பொண்ணுகிட்ட மரியாதையா பேசினாரு. அந்தப் பொண்ணு நான்தான். முகமூடிக்காரன் எழுதி வெச்சது பொய். அவரோட கால் முட்டிய ஒடச்சுட்டான். படிப்ப நிறுத்தினதும் நான் ஒருத்திதான்."

"பசங்க முன்னாடி என்ன பேசற?" என்றான் அண்ணன் மெதுவாக.

"முகமூடிக்காரன் யாரு அத்தை?" என்று அவன் மகள் கேட்டாள்.

நான் அண்ணனைப் பார்த்தேன். "நீயே சொல்லு."

அவன் சாப்பிட்ட கையோடு எழுந்து கை கழுவப் போனான். குழாயைத் திறந்துவிட்டபடி அங்கேயே ரொம்ப நேரம் நின்றான். என் மகன் திரும்பத் தோசையைத் தின்னத் தொடங்கினான். அவள் தொடங்கவில்லை. அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே வண்டி பக்கத்தில் அண்ணன் என்னை நிறுத்தினான்.

"எம் பொண்ணு என்ன எப்படிப் பாக்கறா பாத்தியா? கூடப் பொறந்தவளே எனக்குத் துரோகம் பண்ணிட்ட."

நான் எத்தனையோ வருடமாக அவனிடம் சொல்வதற்காக வைத்திருந்த வார்த்தை அது. அவன் அதை முதலில் எடுத்துக்கொண்டான். அது அவனுடையதாகவே ஆகிவிட்டது போல இருந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. "அவகிட்ட நீ பேசு," என்று மட்டும் சொல்லிவிட்டு என் மகனைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

மறுநாள் காலையில் அடி அண்ணாமலைக்குப் போனேன். விசாரித்துக்கொண்டே போனதில் அவர் தங்கையின் கடை கிடைத்தது. கிரிவலம் போகிறவர்களுக்குச் சோடாவும் பிஸ்கட்டும் விற்கும் சின்னக் கடை. என்னைப் பார்த்தவுடன் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. உட்காரச் சொல்லி ஸ்டூலைத் துடைத்தாள். அவர் ஓசூரில் இருக்கிறாராம். உட்கார்ந்தே செய்கிற வேலையாம். கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள். முட்டி மடங்காது, கீழே உட்கார முடியாது, மற்றபடி நன்றாக இருக்கிறார் என்றாள்.

"அவரு நம்பர் தர முடியுமா? ஒரு தடவ பேசணும்."

"அவரக் கேக்காமத் தரக்கூடாதுக்கா. உங்க நம்பரக் குடுங்க. கேட்டுட்டு சொல்றேன்."

கொடுத்தேன். செய்யாறு திரும்பி வந்து மூன்று வாரம் போனை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு மத்தியானம் அவளே கூப்பிட்டாள். "வேணாம்னுட்டாருக்கா. தப்பா நெனச்சுக்காதீங்க. பழச எடுத்தா அவருக்குத் தூக்கம் வர மாட்டேங்குது." சரி என்றேன். நான் கேட்டது எனக்காகத்தானே தவிர அவருக்காக இல்லை என்பது அவள் வைத்த பிறகுதான் உறைத்தது.

அண்ணன் அதற்குப் பிறகு என்னுடன் பேசுவதில்லை. என் போன் வந்தால் எடுக்க வேண்டாம் என்று அண்ணியிடமும் சொல்லியிருக்கிறான். அவன் மகள்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சில நாள் கூப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வாள், தோழிகளைப் பற்றிச் சொல்வாள். போன வாரம், "அத்தை, நான் சொல்றத யார்கிட்டயும் சொல்ல மாட்டல்ல?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.